தவளைக்கு ஷேட் பார்த்தவர்

அர்த்தநாரி பார்த்துச் சரி என்று சொல்லாமல் அந்தக் கம்பெனியில் ஒரு ரோல் துணிகூட கட்டிங் மேசைக்குப் போகாது. அனுப்பர்பாளையத்தில் இருக்கும் நடுத்தரமான பனியன் கம்பெனி அது. சாயப்பட்டறையிலிருந்து துணி வந்து இறங்கியதும், வெளிநாட்டுக்காரர்கள் ஒப்புக்கொண்டு அனுப்பிய மாதிரித் துண்டையும் வந்த துணியையும் லைட் பாக்ஸுக்குள் ஒட்டி வைத்து, விளக்கை மாற்றி மாற்றிப் போட்டு ஷேட் பார்ப்பார். சிவப்பு கொஞ்சம் தூக்குகிறது என்று அவர் சொல்லிவிட்டால் வந்த வண்டி அப்படியே திரும்பிப் போகவேண்டியதுதான். முதலாளியே எதிர்ப்பேச்சுப் பேசமாட்டார். ஆள் பணிவானவர், அதிர்ந்து பேசாதவர். கண்ணைப் பற்றி மட்டும் கொஞ்சம் திமிர் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், வேறு எதைப் பற்றியும் திமிர் கொள்ள அவரிடம் ஒன்றும் இருக்கவில்லை.

அந்தத் திமிருக்குத் தீனி போடத்தான் லீவு. தீபாவளிக்குத் திருப்பூரே காலியாகும்போது, மனைவி விஜயகுமாரியைக் கூட்டிக்கொண்டு மடத்துக்குளம் பக்கம் மைத்துனன் தனபாலின் தென்னந்தோப்புக்குப் போய்விடுவார். விஜயகுமாரி தம்பி வீட்டில் பலகாரம் சுடுவாள். இவர் வேலியோரமும் வாய்க்காலோரமும் குனிந்தபடியே திரிவார். அரணை, ஓணான், கும்பிடுபூச்சி, பொன்வண்டு, எது கண்ணில் பட்டாலும் இன்னதென்று பிரித்துச் சொல்லியாக வேண்டும். கிளுவை வேலியில் படர்ந்த கோவைக்கொடிக்குள் பச்சைப்பாம்பு கிடந்தால், பச்சைக்குள்ளிருந்து பச்சையைப் பிரித்து எடுக்க அவரால்தான் முடியும். மற்றவர்கள் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப் போவார்கள். அவருக்கு அது லட்டு தின்ற மாதிரி இருக்கும்.

இந்த வருஷம் அந்தச் சந்தோஷம் அவர் முகத்தில் இல்லை. காரணத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை. லீவு விடுவதற்குக் கொஞ்சம் முன்னால் ஆலிவ் பச்சையில் ஒரு லாட் துணி வந்தது. அவர் சரி என்று சொல்லிக் கையெழுத்துப் போடும் நேரத்தில், தரம் பார்க்கும் பிரிவில் இருக்கும் ரோஸ்மேரி எட்டிப் பார்த்து, லேசாக மஞ்சள் அடிக்கிற மாதிரி இருக்கிறதே சார் என்றாள். உடன்குடிப் பக்கத்திலிருந்து வந்த பெண், மனதில் பட்டதைச் சொல்லிவிடுவாள். அர்த்தநாரி மறுபடி பார்த்தார். இரண்டு துண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. லைட் பாக்ஸ் முன்னால் நின்று பழகிவிட்டு அப்புறம் பேசுங்கள் கண்ணு என்று நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அன்று வீட்டுக்குப் போகும் வழியில் வண்டியை நிறுத்தி, அந்த ஆலிவ் துணியில் வெட்டிச் சட்டைப் பையில் போட்டுவந்த துண்டை எடுத்து மறுபடி பார்த்தார். லீவு முடிந்ததும் ஷேட் பார்க்கிறவர்களுக்கு வருஷா வருஷம் நடக்கும் கண் பரிசோதனை இருந்தது. நிறம் தீட்டிய சின்னச் சின்ன மூடிகளை வரிசைப்படுத்தி வைக்கவேண்டும். பிசகினால் அந்த நாற்காலியில் உட்கார முடியாது. இதுவரை அதைப் பிள்ளை விளையாட்டு என்றே நினைத்திருந்தவருக்கு, இப்போது அந்த மூடிகள் கனவில் வந்தன.

தோப்புக்கு வந்த முதல் ராத்திரியே நல்ல மழை. காலையில் அவர் வாய்க்கால் பக்கம் பச்சைப்பாம்பு தேடப் போய்விட்டார். மதியம் சாப்பாடு போடும்போது விஜயகுமாரி, கிணற்றுக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில் தண்ணீர் நிற்கிறது என்றும், அதில் பெரிய பெரிய தவளைகள் எலுமிச்சம்பழ மஞ்சளில் கத்திக்கொண்டு கிடக்கின்றன என்றும் சொன்னாள். பாதிச் சோற்றில் கை கழுவிவிட்டுப் போனார். தவளைகள் இருந்தன. ஆலிவ் பச்சையில், முதுகில் கறுப்புத் திட்டுகளோடு, சாதாரண வயல் தவளைகள். ஒன்றுகூட மஞ்சள் இல்லை.

தனபாலிடம் சும்மா கேட்பதுபோலக் கேட்டுப் பார்த்தார். அவனும் மஞ்சள்தான் என்றான். அவன் பெண் தேஜஸ்ரீ நல்ல மஞ்சள் என்றாள். வீட்டில் எல்லோருக்கும் மஞ்சள், இவருக்கு மட்டும் ஆலிவ். ஓணான் நிறம் மாறுவது குழந்தைக்கும் தெரியும். வயல் தவளை மாறும் என்று அவர் கேள்விப்பட்டதே இல்லை. அப்படியானால் மாறியது எது?

பள்ளத்தில் தவளைகளைத் தான் எடுத்த போட்டோவை விஜயகுமாரியிடம் காட்டினார். போனில் பச்சையாகத்தான் தெரிகிறது என்றாள் அவள். இன்னொருவராக இருந்தால் அந்த இடத்திலேயே நிம்மதியாகியிருப்பார். ஆனால் போனில் தெரிகிற நிறத்தை நம்பி ஷேட் சொல்கிறவனைச் செருப்பால் அடிக்கவேண்டும் என்று கம்பெனி முழுக்கச் சொல்லித் திரிந்தவர் இவர். போட்டோவை வைத்து எந்த லாட்டையும் அவர் பாஸ் செய்ததில்லை. தன்னையும் பாஸ் செய்யவில்லை. இப்படிப்பட்டவரை என்ன செய்வது?

செய்ததெல்லாம் இதைவிடக் கூத்து. மறுநாள் பள்ளத்தில் இறங்கி ஒரு தவளையைப் பிடித்து வாளியில் போட்டுக்கொண்டு வந்தார். முதலில் வெயிலில் வைத்துப் பார்த்தார். பிறகு தென்னை நிழலில். அப்புறம் மோட்டார் ரூமுக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்தி, ட்யூப் லைட்டைப் போட்டுப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்த ஆலிவ் துண்டை அதன் முதுகுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். தவளை ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் கறுத்திருந்தது. வாளிக்குள் மிரண்டுபோய்க் கிடக்கும் பிராணி கறுக்காமல் என்ன செய்யும்? அர்த்தநாரிக்கு அது தோன்றவில்லை. இத்தனை காலம் அவர் பிழைத்த பிழைப்பில் மாதிரித் துண்டு ஒருநாளும் நிறம் மாறியதில்லை. மாதிரி சரி, மற்றதெல்லாம்தான் பிசகும். இங்கேயோ மாதிரியே அவர் கண்ணெதிரே நகர்ந்துகொண்டிருந்தது. தன் கண்தான் நிமிஷத்துக்கு நிமிஷம் மோசமாகிறது என்று முடிவு கட்டி, இருட்டு மூலையில் குந்திக்கொண்டார். சாப்பிடக் கூப்பிட வந்த விஜயகுமாரி வாளியையும் பார்த்தாள், புருஷனையும் பார்த்தாள். தவளையைக் கொண்டுபோய்ப் பள்ளத்தில் விட்டுவிட்டு வந்தாள்.

அன்று ராத்திரி மறுபடி மழை கொட்டியது. விடிந்ததும் விஜயகுமாரி அவரை எழுப்பிக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். பள்ளம் முழுக்கச் சத்தம். தண்ணீரில் மிதந்துகொண்டிருந்த தவளைகள் அத்தனையும் மஞ்சள், பளிச்சென்ற மஞ்சள். கத்தும்போது தொண்டையின் இரண்டு பக்கமும் நீலப் பைகள் உப்பின. நீலம்கூட அவருக்குத் தெரிந்தது. வரப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். காலைச் சாப்பாட்டுக்கு எழவில்லை. வெயில் ஏற ஏறச் சத்தம் குறைந்தது, மஞ்சளும் மங்கிக்கொண்டே வந்தது. விஜயகுமாரி மதியச் சோற்றைத் தூக்குப்போசியில் அங்கேயே கொண்டுவந்தபோது பாதித் தவளைகள் ஆலிவுக்குத் திரும்பியிருந்தன. மழை பெய்தால் ஆண் தவளைகள் பெண்ணைக் கூப்பிட மஞ்சளாகும் போலிருக்கிறது, காரியம் முடிந்தால் பழைய சட்டையை மாட்டிக்கொள்ளும் போலிருக்கிறது. அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே கண்ணில் தண்ணீரும் வந்தது.

சோற்றைப் பிசைந்தபடி அவளிடம் எல்லாவற்றையும் கொட்டினார். ரோஸ்மேரி சொன்னது, தான் அவள் வாயை அடைத்தது, மூடிப் பரிசோதனை, இத்தனை நாளாகத் தூங்காதது, எல்லாம். தவளைதான் மாறியிருக்கிறது, தன் கண்ணுக்கு ஒன்றுமில்லை என்று இரண்டு தடவை சொன்னார். அவள் மோர் ஊற்றினாள்.

"ஏனுங்க, தவள மாறுச்சு, செரி. அந்தத் துணி மாறாதுங்களே" என்றாள்.

அவர் வாயில் வைத்த கவளம் அப்படியே நின்றது. ஆமாம், தவளை நிறம் மாறும் என்பது நிரூபணமாகியிருக்கிறது. அதில் இவர் கண்ணுக்கு என்ன வந்தது? பளிச்சென்ற மஞ்சளை மஞ்சள் என்று யாரும் சொல்லிவிடலாம். ஆலிவுக்குள் துளி மஞ்சள் ஏறியிருந்தால் தெரிகிறதா என்பதுதானே கேள்வி. அந்தக் கேள்வி சாயப்பட்டறைத் துணியில் இருந்தது. இவர் அதைத் தவளைகளிடம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். நிம்மதி வந்த வேகத்தில் போயே போய்விட்டது. பயம் மட்டும் அல்ல, இப்போது அவமானமும் சேர்ந்துகொண்டது.

கையைக் கழுவிவிட்டு ரோஸ்மேரிக்குப் போன் போட்டார். அவள் ஊரில் இருந்தாள், பின்னால் கோயில் மணிச் சத்தம் கேட்டது. நல்லது கெட்டது விசாரிக்காமல் நேரே விஷயத்துக்கு வந்தார்.

"கண்ணு, நான் பாஸ் பண்ணுன ஆலிவ் லாட்ட லீவு முடிஞ்சு வந்து கட்டிங் போட்றாதீங்க. நீங்க பாத்துச் சொல்லுங்க. நீங்க சொல்றதுதானுங்க."

மணிச் சத்தம் குறைந்தது, அவள் தள்ளி வந்திருக்கவேண்டும்.

"சார், அத நான் அன்னைக்கே தனியா எடுத்து வச்சிட்டேன்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "கோவிச்சுக்கிடாதீய. போன மாசமும் ரெண்டு லாட்டு அப்படித்தான் வச்சோம். மொதலாளிக்குத் தெரியும். ஒங்ககிட்டச் சொல்லாண்டாம், சார் மனசு கஷ்டப்படுவாருன்னு சொல்லிட்டாவ."

சரிங்க கண்ணு என்று சொல்லிப் போனை வைத்தார். முதலாளி எதிர்ப்பேச்சுப் பேசுவதில்லை என்று எத்தனை பேரிடம் பெருமையடித்திருப்பார். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போன பிறகு அவர்களெல்லாம் கூடி நின்று மறுபடி ஒரு தடவை பார்த்திருக்கிறார்கள். அவர் முகம் வாடக்கூடாது என்று பார்த்திருக்கிறார்கள். திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

என்ன சொன்னார்கள் என்று விஜயகுமாரி கேட்டாள். கண்ணு போயிடுச்சாமாங்க என்று அவளுக்குப் போய் மரியாதை போட்டுச் சொன்னார். அவள் திருத்தவில்லை. உடுமலைப்பேட்டையில் கண் ஆஸ்பத்திரி இருக்கிறது, திங்கட்கிழமை போய்ப் பார்க்கலாம், புரை விழுந்திருந்தால் எடுத்துவிடுவார்கள் என்றாள். சரி என்றார். எடுத்துவிட்டால் பழைய கண் வந்துவிடுமா என்று அவளிடம் கேட்கவில்லை, அவளுக்கும் தெரியாது.

வரப்போரம் ஒரு தவளை ஏறி உட்கார்ந்தது. அவர் அதைக் குனிந்து பார்த்தார், கண்ணைச் சுருக்கியும் பார்த்தார்.

"விஜயா, இது இப்ப என்ன கலருல இருக்குது?"

அவள் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார்.