தனபாக்கியம் அக்கா போட்ட கோடு

ஆனேக்கலில் என் மகளின் துணிமணிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். முதல் நாள்தான் அவள் மாமியார் வீட்டில் வளைகாப்பு முடிந்திருந்தது. தலைப்பிரசவத்துக்கு அவளைப் பெங்களூருக்கு அழைத்துப் போவதற்காக வந்திருந்தேன். காலை முதல் பஸ்ஸில் எங்கள் தெருக்காரர் ஒருவர் வந்து இறங்கினார். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். "உங்க பெரிய வீட்டம்மா…" என்று இழுத்தார். என் கணவரின் அண்ணன் மனைவி, இருபது வருஷத்துக்கு மேல் என்னோடு ஒரே அடுப்பில் சமைத்தவர், நான் அக்கா என்று கூப்பிட்ட தனபாக்கியம் போய்விட்டார். மகளை அங்கேயே விட்டுவிட்டு அதே பஸ்ஸில் திரும்பினேன். வழியெல்லாம் அழுதேன். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தி நடந்தபோது அக்காவின் மகன் சண்முகம் எழுந்து நான்கு வார்த்தை பேசினான். அம்மா ரொம்ப நல்லவர், கொஞ்சம் பிடிவாதம், அவ்வளவுதான் என்றான். தாத்தா பெருந்தன்மையாகக் கிழக்கு அறையை விட்டுக் கொடுத்தார், அதை வைத்து அம்மா ஊருக்கு உபகாரம் செய்தார் என்றான். இதைப் படிக்கும் தெருக்காரர்களே, உங்களில் பலர் அங்கே இருந்தீர்கள், தலையாட்டினீர்கள். நான் கையில் சாம்பார் வாளியோடு நின்றேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செத்தவர்களைப் பற்றிக் குறை சொல்லக் கூடாது என்பார்கள், சரி. பொய் சொல்லலாம் என்று யார் சொன்னது? என் மாமனார் போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்த அறையை அவர் கொடுக்கவில்லை. அக்கா எடுத்துக்கொண்டார். எப்படி எடுத்தார் என்பதைத் தெரிந்தவள் இப்போது நான் ஒருத்திதான் மிச்சம். அதனால் எழுதுகிறேன்.

எனக்குக் கல்யாணமான புதிதில் நாங்கள் சிக்பேட்டைச் சந்து ஒன்றில் வாடகைக்கு இருந்தோம். மாமனாருக்கு மைசூர் சர்க்காரில் உத்தியோகம். மல்லேஸ்வரத்தில் மனை கிடைத்து, வீட்டுக்கு நக்ஷாவும், நீலத்தாளில் அறை அறையாகப் போட்ட வரைபடம், எழுதி வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து நான் முழுகாமல் இருந்தேன். வயிற்றுப் பிள்ளைக்காரி இருக்கிற வீட்டில் அஸ்திவாரக் கடக்கால் தோண்டக் கூடாது என்பது மாமனாரின் நம்பிக்கை. ஆகவே நான் பெற்றெடுக்கும்வரை வேலை நிறுத்தி வைக்கப்பட்டது, அந்த நீலத்தாள் கூடத்துச் சுவரில் மாதக்கணக்கில் தொங்கியது. மாட்டிய ஆண்கள் அதை மறந்துவிட்டார்கள். அக்கா தினமும் அதன் முன் நின்றார். கால் அங்குலம் ஓர் அடி என்ற கணக்கைப் பிடித்துக்கொண்டு, துடைப்பக்குச்சியை ஒடித்து வைத்து அறை அறையாக அளந்தார்.

நக்ஷா எழுதியவர் மாமனாரின் ஆபீஸ்காரர். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவரிடம், ஆட்டுக்கல்லுக்கு இடம் எங்கே என்று அக்கா கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டார். நக்ஷாவில் ஆட்டுக்கல்லெல்லாம் போடும் வழக்கம் இல்லை என்று அவர் சொன்னார். "அப்ப இட்லியும் நக்ஷாவுலேருந்தே வந்துடுமா?" என்றார் அக்கா. மனிதர் சிரித்துவிட்டார். அன்றைக்கே ஆட்டுக்கல்லுக்கு இடம் வந்தது, சமையலறைக் கதவு அடுப்பில் இடிக்காமல் திரும்பிக்கொண்டது. ஒன்று மட்டும் மாறவில்லை.

வீட்டின் பின்புறம், மாட்டுக் கொட்டகைக்கும் விறகு அறைக்கும் நடுவே, ஆறடிக்கு எட்டடியில் ஓர் அறை இருந்தது. அதன் மேல் 'லேடீஸ் ரூம்' என்று அழகாக எழுதியிருந்தது. மாதத்தில் மூன்று நாளும், பிள்ளை பெறும்போதும் எங்களை வைப்பதற்கான இடம். ஜன்னல் கிடையாது. அக்காவின் மூத்த குழந்தை சிக்பேட்டை வீட்டில் அப்படிப்பட்ட ஓர் இருட்டறையில்தான் பிறந்தது, ஐந்தாம் நாள் அங்கேயே போயிற்று. குழந்தை நீலமானது வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் தனக்குத் தெரிந்தது என்று அக்கா என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னார்.

என் ஆறாம் மாதத்தில் மாமனார் எல்லோரையும் மனை பார்க்க அழைத்துப் போனார். வேலிக்காகப் போட்டிருந்த மூங்கில் கழிகளை அக்கா ஆறடிக்கு எட்டடியில் நட்டார். மூட்டையில் கொண்டுவந்த பழைய புடவைகளைச் சுற்றிக் கட்டி, மேலே ஜமக்காளத்தைப் போர்த்தினார். உள்ளே கட்டில் அளவுக்கு ஒரு பலகையைப் போட்டு, மருத்துவச்சிக்கு ஒரு முக்காலி வைத்து, கணப்புச் சட்டியில் தணலும் போட்டார். பிறகு மாமனாரை உள்ளே போய் உட்காரச் சொன்னார். ஏதோ சடங்கென்று நினைத்து அவரும் போனார். திரும்பி வந்தபோது அங்கவஸ்திரத்தால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, ஓரடிக்கு ஓரடியில் ஒரு வென்டிலேட்டர் வைத்துக்கொள்ளலாம் என்றார்.

"மாட்டுக் கொட்டாய்க்கு ரெண்டு ஜன்னல் போட்டிருக்கீங்க மாமா," என்றார் அக்கா.

பிறகு கேட்டுவிட்டார். கிழக்குப் பக்கம் மாமனாருக்கென்று போட்டிருந்த பெரிய ஆபீஸ் அறையை இரண்டாக்கி, ஜன்னல் உள்ள பாதியைப் பெண்களுக்குக் கொடுக்க வேண்டும். மாமனாருக்கு முகம் சிவந்துவிட்டது. "வாசல்ல நுழையறப்பவே தீட்டு ரூமா? ஊர் சிரிக்கும்," என்றார்.

"தீட்டுல பொறக்காதவங்க நம்ம வீட்ல யாரு மாமா?"

மாமனார் கைத்தடியை எடுத்துக்கொண்டு நடந்தார். இரண்டு வாரம் அக்காவோடு பேசவில்லை. அக்கா அவருக்கு வேளை தவறாமல் காபி வைத்தார்.

எனக்கு அம்மா இல்லை. அதனால் என் பிரசவமும் அதே சிக்பேட்டை இருட்டறையில்தான். மூன்றாம் நாள் எனக்கு ஜுரம் கண்டது. மூச்சு முட்டியது. நடுப்பகலில் அக்கா வந்தார், என்னைப் பாயோடு பிடித்து இழுத்து முன் கூடத்தில் போட்டார், ஜன்னல்களைத் திறந்துவிட்டார். மாமனாரின் சாய்வு நாற்காலி இடைஞ்சலாக இருந்தது. அதைத் தூக்கிச் சந்தில் வைத்தார். சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்த மாமனார் சந்தில் கிடந்த நாற்காலியைப் பார்த்தார், கூடத்தில் கிடந்த என்னைப் பார்த்தார், கொல்லை வழியாக உள்ளே போனார். தீட்டுக் கழியும்வரை கொல்லை வழிதான் அவருக்கு. நான் பிழைத்தேன், என் பெண்ணும் பிழைத்தாள். இதோடு அவர் மனம் மாறிவிட்டது என்று எழுதினால் கதை அழகாக இருக்கும். மாறவில்லை. நீலத்தாள் அப்படியேதான் இருந்தது.

குழந்தைக்கு மூன்று மாதமானதும் பூமி பூஜைக்கு முகூர்த்தம் குறித்தார்கள். முதல் நாளே மேஸ்திரி நூல் பிடித்து, கடக்கால் தோண்ட வேண்டிய இடமெல்லாம் சுண்ணாம்புக் கோடு போட்டு வைத்திருந்தார். விடிந்ததும் மருமகள்கள் இருவரும் முன்னால் போய்த் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டு வைக்க வேண்டும் என்று மாமனாரே அனுப்பினார்.

ஈசானி மூலையில் கோலம் போட்டோம். அதன் பிறகு நடந்ததை இந்த வீட்டில் இன்றுவரை மேஸ்திரியின் தவறு என்றே சொல்கிறார்கள். அக்காவின் கோலத்தைக் கோடு என்று நினைத்து ஆட்கள் தோண்டிவிட்டார்களாம். நீங்களும் அதைக் கேட்டுச் சிரித்திருப்பீர்கள். இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். அது தவறே இல்லை. பின்புறத்து ஆறடி அறையின் கோடுகளை அக்கா காலால் தேய்த்து அழித்தார். ஆபீஸ் அறையின் குறுக்கே நூல் பிடித்து, மிச்சமிருந்த சுண்ணாம்பால் புதுக் கோடு இழுத்தார். "அவருக்கும் ஒரு சின்ன ரூம் இருக்கட்டும், நாம ஒண்ணும் ராட்சசி இல்ல," என்றார். நூலின் மறுமுனையைப் பிடித்திருந்தவள் நான். விடவில்லை.

பூஜை முடிந்து ஆண்கள் மரத்தடியில் பலகாரம் சாப்பிட்டு எழுந்து வந்தபோது முழங்கால் ஆழத்துக்குத் தோண்டியாகிவிட்டது. மேஸ்திரி, கோடு நேராக இருந்தது, தோண்டினோம் என்றார். நக்ஷா எழுதியவர் தாளைப் பார்த்தார், பள்ளத்தைப் பார்த்தார், அக்கா நின்ற பக்கம் பார்த்தார். நக்ஷாவில் திருத்திக்கொள்ளலாம் என்று மெதுவாகச் சொன்னார். மாமனார் அக்காவிடம் வந்து, நீ போட்டதா என்று கேட்டார்.

"கோலம் போடச் சொன்னீங்க மாமா. போட்டேன்."

பூஜை செய்து தோண்டிய கடக்காலை மூடினால் குடும்பத்துக்கு ஆகாது. இதுவும் மாமனாரின் நம்பிக்கைதான். என் வயிற்றுக்காக வீட்டையே நிறுத்தி வைத்த மனிதர் இதை மட்டும் எப்படி மீறுவார்? நக்ஷாவைத் திருத்தச் சொல்லிவிட்டுக் கைத்தடியை எடுத்துக்கொண்டு நடந்தார். பெருந்தன்மை என்று சண்முகம் சொன்னது இதைத்தான்.

அந்த அறையில்தான் சண்முகம் பிறந்தான். என் அடுத்த இரண்டு பிள்ளைகளும் பிறந்தார்கள். பிறகு தெருவில் யார் வீட்டில் இடுப்புவலி என்றாலும், "எங்க ரூமுக்கு வந்துடுங்க," என்று அக்கா சொல்லி அனுப்புவார். முதலியார் வீடு, நாயுடு வீடு, கன்னடக்கார வீடு என்று பார்க்கவில்லை. இதைப் படிக்கிறவர்களில் எத்தனை பேர் அந்த ஜன்னலுக்குக் கீழே முதல் மூச்சு விட்டீர்களோ, உங்கள் அம்மாக்களைக் கேளுங்கள்.

போன வாரம் சண்முகம் ஒரு எஞ்சினியரை அழைத்து வந்தான். நடுச்சுவரை இடித்துத் தாத்தா காலத்து நக்ஷாபடி ஒரே ஆபீஸ் அறையாக்கப் போகிறானாம். ஆஸ்பத்திரிகள் வந்துவிட்டன, இனி இது எதற்கு, பிரசவத்துக்குப் பின்கட்டு போதாதா என்கிறான். பிறகு, அம்மா ஞாபகமாக உங்களுக்கு என்ன வேண்டும் சித்தி என்று அன்பாகத்தான் கேட்டான். பட்டுப்புடவைகளையும் குத்துவிளக்கையும் எடுத்துக் காட்டினான். புடவையை உன் பெண்டாட்டிக்குக் கொடு என்றேன். விளக்கு பூஜை அறையிலேயே இருக்கட்டும் என்றேன்.

எனக்கு வேண்டியதை நான் அவனிடம் கேட்கவில்லை. நாளைக்கு ஆனேக்கலிலிருந்து என் பெண் பிரசவத்துக்கு வருகிறாள். கிழக்கு அறையைக் கழுவிவிட்டு, கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுவிட்டேன்.