ஆறாவது பட்டை

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் தென்காசியில் ஒரு பெண்கள் பள்ளியில் டிராயிங் டீச்சராக இருந்தேன். பிள்ளைகளுக்குப் பூந்தொட்டியும் மாங்காயும் வரையச் சொல்லிக்கொடுப்பது வேலை. வீட்டில் எனக்காக வரைந்தது வேறு. மெட்ராஸில் படித்தபோது நூலகத்தில் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையைப் புரட்டினேன். அதில் மேலிருந்து கீழாக நிறப் பட்டைகள் மட்டுமே உள்ள ஓவியங்கள் இருந்தன. மரமில்லை, முகமில்லை. ஒரு நிறத்துக்குப் பக்கத்தில் இன்னொரு நிறம், அவ்வளவுதான். அன்றிலிருந்து அது என்னை விடவில்லை.

ஊரில் அதைச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்தவர்கள் ஜமுக்காளம் என்றார்கள், கோயில் மதில் என்றார்கள். தாலுகா ஆபீஸில் வேலைபார்த்த என் கணவர், "பார்டர் நல்லாத்தான் இருக்கு. நடுவுல எப்ப வரையப்போற?" என்று கேட்டார். முதல் தடவை சிரித்தேன். நாலாவது தடவைக்குப் பிறகு பதில் சொல்வதையே நிறுத்திவிட்டேன்.

அந்த வருஷம் ஒரு பெரிய ப்ளைவுட் பலகையில் ஆறு பட்டைகள் தீட்டினேன். வலது ஓரத்தில் இருந்த ஆறாவதுதான் எல்லாவற்றிலும் அகலம், நல்ல சிவப்பு. அதை ஒட்டி ஐந்தாவதாக ஒரு ஒல்லியான சாம்பல் பட்டை. சிவப்பின் பக்கத்தில் நின்றதால் அந்தச் சாம்பல் பாசி படிந்ததுபோல் பச்சையாகத் தெரியும். அந்தப் பச்சை டப்பாவில் கிடையாது. பார்க்கிறவர் கண்ணில்தான் உண்டாகும். சாம்பலில் கறுப்பைக் கொஞ்சம் கூட்டி, குறைத்து, அந்த இடத்துக்கு வர எனக்குப் பத்து நாள் ஆயிற்று.

குற்றாலத்தில் லாட்ஜ் வைத்திருந்த ஒரு அண்ணாச்சி எங்கள் தலைமையாசிரியைக்கு வேண்டியவர். சீசனுக்கு முன்னால் முன்கூடத்தில் மாட்ட ஒரு படம் வேண்டும் என்று அவரிடம் கேட்டிருக்கிறார். அவரும் என்னைக் கைகாட்டிவிட்டார். அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார், பலகையைப் பார்த்தார், முகம் மலர்ந்துவிட்டது.

"ஐந்தருவிதான இது? நீங்க சொல்லாமலே கண்டுபிடிச்சிட்டேன் பாத்தீயளா."

"அருவியெல்லாம் இல்ல அண்ணாச்சி. வெறும் நெறந்தான். எண்ணிப் பாருங்க, ஆறு இருக்கு."

"அதான் நானும் யோசிக்கேன். ஒண்ணு கூடிப்போச்சு போல" என்றார் பெருந்தன்மையாக.

கொடுக்க மனசில்லை. தலைமையாசிரியையின் பேச்சைத் தட்ட முடியாமல் கொடுத்தேன்.

ஒரு மாதம் கழித்து, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவர் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார்.

"டீச்சர், நீங்க அடிச்ச பெயிண்டு சரியில்ல. பச்சை வெளுத்துப்போச்சு."

"அதுல பச்சையே கெடையாதே."

"என்ன இப்படிச் சொல்லுதீய? ஓரத்துல பச்சையா ஒண்ணு இருந்துச்சுல்லா. இப்ப வெறும் சாம்பலா நிக்கி."

சாயங்காலம் சாரலில் நனைந்துகொண்டே பஸ் பிடித்து லாட்ஜுக்குப் போனேன். முன்கூடத்தில் இரண்டு சன்னல்களுக்கு நடுவே என் படம் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. ஐந்தே பட்டைகள்.

"செவப்பு எங்க அண்ணாச்சி?"

"ஆசாரிய வச்சு அறுத்துட்டேன். எடம் பத்தல. அருவி அஞ்சுதான டீச்சர், எண்ணிக்கையும் சரியாப்போச்சு."

அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். சிவப்பைத் தேடச் சொன்னேன். அடுக்களையில் அதன் மேல் ஊறுகாய் ஜாடிகளை வரிசையாக வைத்திருந்தார்கள். எண்ணெய் வட்டங்களைத் துணியால் துடைத்து, பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து சாம்பலை ஒட்டிப் பிடித்தேன்.

அண்ணாச்சி கிட்டே வந்தார்.

"பச்சை வந்துட்டே."

பலகையை விலக்கினேன்.

"போச்சே. டீச்சர், இன்னொரு தடவை வையுங்க."

ஏழெட்டுத் தடவை வைக்கச் சொன்னார். சமையல்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார். பழையபடி சேர்த்து ஆணி அடித்துவிடுங்கள் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன். நாளைக்கே செய்வதாகச் சொன்னார்.

அடுத்த வாரம் போய்ப் பார்த்தால், சிவப்புப் பட்டையை இரண்டு கீல் வைத்துக் கதவுபோல் பொருத்தியிருந்தார்.

"சன்னலத் தொறக்கணும்னா மடக்கிக்கிடலாம்" என்றார். தன் யோசனையில் அவருக்கு அவ்வளவு திருப்தி.

அப்போது கொல்லத்திலிருந்து வந்து தங்கியிருந்த ஒரு அம்மா, பட்டையை மெதுவாக மூடித் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். சிரிக்கவில்லை. எதனால் இப்படி நிறம் மாறுகிறது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணாச்சி முந்திக்கொண்டார்.

"பச்சை அங்கன இல்லம்மா. செவப்பு பக்கத்துல வந்து நின்னா நம்ம கண்ணு சாம்பலைப் பச்சைன்னு நெனைச்சுக்கிடுது. ஒரு நெறம் தனியா ஒண்ணுமில்ல, பக்கத்துல யாரு நிக்கான்னுதான் பாக்கணும்."

நான் இரண்டு வருஷமாக வீட்டிலும் பள்ளியிலும் தொண்டை வறளச் சொல்லி, ஒருவரும் காதில் வாங்காத விஷயம் அது. என்னைவிட நன்றாகவே சொன்னார். சந்தோஷப்படுவதா, படத்தை அறுத்த மனிதனின் வாயிலிருந்து அதைக் கேட்க வேண்டியிருக்கிறதே என்று தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. பழையபடி சேர்க்காவிட்டால் படத்தைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்கத்தான் போயிருந்தேன். அந்த அம்மா இன்னும் கதவை விடவில்லை. கேட்காமலே வந்துவிட்டேன்.

மறுவருஷம் சீசன் நெருங்கியதும் தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பினார். அண்ணாச்சிக்கு இன்னொரு படம் வேண்டுமாம், இந்தத் தடவை சிற்றருவி.

"ஒத்தை அருவிதான? ஒரே ஒரு கோடு. ஒங்களுக்குச் சீக்கிரம் முடிஞ்சிரும்லா" என்றார் தலைமையாசிரியை.

முடியாது என்று சொல்லிவிட்டேன். அவருக்கு வருத்தம்தான். ஆனால் அந்தப் பேச்சு மண்டைக்குள்ளேயே கிடந்தது. பலகை முழுக்க மஞ்சள், அதில் ஒரே ஒரு கோடு என்றால் அது என்ன நிறம், எந்த இடத்தில்? கோடை விடுமுறை முழுவதும், பிறகு பள்ளி திறந்தும், மொத்தம் இரண்டு மாதம் ஆயிற்று அந்த ஒரு கோட்டுக்கு. லாட்ஜுக்குக் கொடுக்கவில்லை. யாருக்குமே கொடுக்கவில்லை.