பெயரை மட்டும் மறைத்தேன்

ஜனவரி 12ஆம் திகதி, ஞாயிறு மாலை நான்கு மணி. இந்தியாவுக்கு இருபத்திரண்டு நாள் யாத்திரை போய்வந்த நாங்கள், அடுத்த குழுவினருக்கு எங்கள் அனுபவங்களைச் சொல்வதற்காக மஸ்கெலியாவில் ஒரு மண்டபத்தில் கூடினோம்.

என் முறை வந்தது. பூட்டன் பிறந்த ஊரைத் தேடித் திருச்சிப் பக்கம் போன ஒரு பெண்ணின் கதையைச் சொன்னேன். அவருக்குத் துணையாகப் போனவள் நான்தான். "அப்படி யாரும் இங்க இல்ல" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஊர் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள் என்று முடித்தேன். பெயரை மட்டும் மறைத்தேன்.

"நம்ம தோட்டத்து லயத்து வீட்டு அக்காதானே திருச்சியில எறங்குனாங்க?" என்ற ஒருவர், கூட்டத்தில் இருந்த அந்த அக்காவின் பக்கம் திரும்பினார். "சொந்தக்காரங்க எடுத்துக் குடுத்த பொடவன்னு காட்டுனீங்களே அக்கா, எந்தக் கடையில வாங்குனீங்க?"

மண்டபமே சிரித்தது. அக்காவின் மருமகளே அதிகம் சிரித்தாள். அக்கா அந்தப் புடவையில்தான் வந்திருந்தார்.

இப்போது பிறர் கதையை அவர்களைக் கேட்காமல் நான் சொல்வதில்லை. மறுநாள் காலை அக்கா தேயிலைக் கொழுந்து பறிக்கும் மலைக்குப் போய் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். மற்றவர்களை எச்சரிக்க இதை எழுதலாமா என்றும் கேட்டேன்.

"எழுதுங்க தங்கச்சி," என்றார், கொழுந்திலிருந்து கையை எடுக்காமல். "தெரியாதவங்க இன்னும் யாரு பாக்கி?"