சேற்றில் உட்கார்ந்திருந்த மனிதர்

போன வருஷம் கார்த்திகை மாதம், மழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்த ஒரு வாரத்தில் நடந்தது இது. விருத்தாசலத்தில் ஒரு சின்ன செராமிக் பட்டறையில் நான் வேலை பார்க்கிறேன். களிமண்ணைத் தண்ணீரில் பால்போலக் கரைத்து அச்சுகளில் ஊற்றுவது என் வேலை. அகல் விளக்கு, பொம்மை, பூந்தொட்டி எல்லாம் அப்படித்தான் பிறக்கின்றன. படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆட்களிடம் அதிகம் பேச வராது. கல்யாண வீட்டில் போட்டோ எடுக்க ஆரம்பித்தால் கை கழுவுகிற இடத்துக்குப் போய் நின்றுவிடுவேன். இதை எழுதச் சொன்னதே என் மனைவிதான்.

வெள்ளாற்றில் தண்ணீர் வந்து சேத்தியாத்தோப்புக்கு அந்தப் பக்கம் சில ஊர்கள் மூழ்கிவிட்டதாக இரண்டு நாளாகப் பேச்சு. அன்று சாயங்காலம் நான் வீட்டுக்குப் போனபோது மனைவியின் முகம் வாடியிருந்தது. அவளுடைய மகளிர் குழுவின் குரூப்பில் ஒரு படம் வந்திருந்தது. வீடு வாசல் இழந்து கல்யாண மண்டபத்தில் தங்கியிருக்கும் குடும்பங்களுக்குச் சாப்பாடு போட உதவுங்கள் என்று கீழே எழுதியிருந்தது. பணம் அனுப்ப ஸ்கேன் செய்யும் கட்டமும், ஒரு போன் நம்பரும் இருந்தன. குழுவில் ஆளுக்கு ஐம்பது, நூறு என்று அனுப்பியிருந்தார்கள். இவள் இருநூறு அனுப்பிவிட்டாள்.

"பாருங்க, யாரு பெத்த புள்ளையோ, எப்புடி உக்காந்திருக்குது பாருங்க," என்று போனை நீட்டினாள்.

தலையிலிருந்து கால்வரை சாம்பல் நிறச் சேறு அப்பிய ஒரு ஆள் தரையில் உட்கார்ந்திருந்தார். ஒரு கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு அழுகிறார். பின்னால் இடிந்து விழுந்த சுவர்போல ஒரு குவியல். ஒரு பெண் குனிந்து அவருடைய இன்னொரு கையில் தண்ணீர் ஊற்றுகிறார். பார்த்ததும் எனக்கே பாவமாக இருந்தது. அப்புறம்தான் அந்தப் பெண்ணின் புடவையைக் கவனித்தேன். எங்கள் பட்டறையில் பொம்மைக்கு வர்ணம் அடிக்கிற அக்காவின் புடவை அது.

சேற்றில் உட்கார்ந்திருந்தது நான்.

அதற்கு இரண்டு மாதம் முன்னால், கரைசல் வருகிற குழாய் என் முகத்துக்கு நேராகப் பிய்த்துக்கொண்டது. ஒரு நொடியில் நானே ஒரு பொம்மை மாதிரி ஆகிவிட்டேன். கண்ணில் மண் போய் எரிந்தது. வெளியே வந்து, உடைந்த அச்சுகளைக் கொட்டி வைக்கிற குவியல் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்த அக்கா தண்ணீர் ஊற்றினார்கள். சூளையில் சரக்கு அடுக்குகிற என் கூட்டாளி, சிரித்துச் சிரித்துப் படம் எடுத்தான். அதைத் தன் ஸ்டேட்டஸிலும் வைத்தான். கண்ணைத் திறக்க முடியாததால் நான் ஓடி ஒளியவில்லை. என் வாழ்க்கையில் நான் நன்றாக விழுந்த ஒரே படம் அதுதான்.

"இது நான்தான்," என்றேன் மனைவியிடம்.

"போங்க, இதுல போயி வெளையாடுவாங்களா?"

படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். தண்ணீர் வழிந்து சேறு கழன்ற இடத்தில் என் கால் கட்டைவிரலின் கறுத்த நகம் தெரிந்தது. போனையும் என் காலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்புறம் எதுக்கு அழுவுறீங்க?"

"அழுவல. கண்ணுல மண்ணு பூந்துடுச்சு."

சிரிக்க ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். "அப்ப நாங்க அனுப்புன பணம் யாருகிட்ட போச்சு?"

எங்கள் வீட்டு இருநூறு போனால் போகட்டும். என் உருவத்தைப் பார்த்து இன்னும் எத்தனை பேர் அனுப்பியிருப்பார்கள்? நான் யாரையும் ஏமாற்றவில்லை, ஆனாலும் ஏமாற்றிய ஆளின் முகம் என்னுடையதாக இருந்தது.

மறுநாள் பட்டறையில் கூட்டாளியிடம் காட்டினேன். முதலில் விழுந்து விழுந்து சிரித்தான். கீழே எழுதியிருந்ததை நான் படித்துக் காட்டியதும் கோபம் வந்துவிட்டது.

"நான் போட்டது சிரிக்கறதுக்கு மச்சான். எவன்டா இத எடுத்து வெள்ளத்துல வுட்டது?"

உடனே போனை வாயருகில் வைத்து, "இது சுத்த ஏமாத்து வேல, இவரு எங்க பட்டறை ஆளு, யாரும் பணம் அனுப்பாதீங்க," என்று பேசிப் பதிவு செய்தான். எல்லாக் குரூப்புக்கும் அனுப்பப்போகும்போது நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். ஏன் பிடித்தேன் என்று அப்போது சொல்லத் தெரியவில்லை. மண்டபத்தில் நிஜமாகவே யாராவது இருந்துவிட்டால் என்ன செய்வது என்று ஒரு பயம். அதற்கு முன்னால் அந்த நம்பருக்கு ஒரு போன் போட்டுப் பார்க்கலாம் என்றேன்.

தொண்டை கட்டிய ஒரு பெண் குரல் எடுத்தது. நான் போனைக் கூட்டாளியிடம் கொடுத்துவிட்டேன். அவன் கத்தினான். அந்தப் பக்கம் பாத்திரம் உருளும் சத்தம், பிள்ளைகள் சத்தம்.

"சண்ட போடணும்னா நேர்ல வந்து போடுங்கண்ணா, இங்க ஒல கொதிக்குது," என்று சொல்லி அந்த அம்மா வைத்துவிட்டார்.

ஈரக் காற்றில் அச்சுகள் காயாததால் அன்று பாதி நாள்தான் வேலை. கூட்டாளியின் வண்டியில் நனைந்துகொண்டே கிளம்பினோம். பல இடங்களில் ரோட்டின் இரண்டு பக்கமும் நெல் வயல் தெரியவில்லை, தண்ணீர்தான் தெரிந்தது. மண்டபத்தைக் கேட்டுக் கேட்டுப் போய்ச் சேர்ந்தோம். நாங்கள் போன நேரம், பாய்களைச் சுருட்டி ஓரம் வைத்துவிட்டு வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நாற்பது ஐம்பது குடும்பம் இருக்கும்.

கூட்டாளி வாசலிலேயே நின்று, போனைத் தூக்கிக் காட்டி, "இந்தப் படத்துல இருக்கறது இவருதான்!" என்று சத்தமாகச் சொன்னான். அவன் சொன்னது நியாயம் கேட்பதற்காக. ஆனால் நாங்கள் இரண்டு பேரும் சொட்டச் சொட்ட நனைந்து நிற்கிறோம். அவர்கள் வேறு மாதிரி நினைத்துக்கொண்டார்கள்.

"அய்யோ, அவரா? வாங்க வாங்க," என்று ஒரு அம்மா எழுந்து வந்து என் கையைப் பிடித்தார். யாரோ ஒரு துண்டு கொடுத்தார்கள். இன்னொருவர் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார். நான் இல்லை என்று சொல்ல வாயெடுப்பதற்குள் முன்னால் இலை போட்டாகிவிட்டது. நான் வாய் திறப்பதற்குள் இப்படி எத்தனையோ காரியம் நடந்து முடிந்திருக்கிறது. அன்றும் அதுதான் நடந்தது.

பக்கத்தில் என் வயசுக்காரர் ஒருவர். தலையை வழித்துச் சீவி, நெற்றியில் திருநீறு இட்டு, மடிப்புக் கலையாத சட்டை போட்டிருந்தார். சட்டை அவர் உடம்புக்குக் கொஞ்சம் பெரிது. நான் சோற்றைத் தொடாமல் இருப்பதைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"சாப்புடுங்க. கூச்சப்படாதீங்க. மொத நாளு எனக்கும் கை நீட்ட ஒரு மாதிரியாதான் இருந்துச்சு."

தலை குனிந்துகொண்டேன்.

"வூடு முழுசா போயிட்டுதா?"

இல்லை என்று தலையாட்டினேன். அவர் அதையும் ஆமாம் என்றே எடுத்துக்கொண்டார்போல. தன்னுடைய வீட்டின் ஒரு பக்கச் சுவர் விழுந்ததையும், கட்டியிருந்த இரண்டு ஆடுகளை அவிழ்த்துவிடுவதற்குள் தண்ணீர் வந்துவிட்டதையும் சொன்னார். பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற மாதிரிச் சொன்னார். சொல்லிவிட்டு என் இலையில் சாம்பார் இல்லையென்று, ஊற்றச் சொல்லிக் குரல் கொடுத்தார். நான் சாப்பிட்டேன். வெள்ளத்தில் எதையும் இழக்காத நான், இழந்தவர்களுக்கு வந்த சோற்றை, அவர்கள் உபசரிக்க உபசரிக்கச் சாப்பிட்டேன். அந்தச் சோறு எப்படி உள்ளே போனது என்று எனக்குத்தான் தெரியும்.

சாப்பிட்டு முடிக்கும்போது, போனில் பேசிய அம்மா சமையல்கட்டிலிருந்து வந்தார். ஊரில் ப்ளவுஸ் தைக்கிறவராம். தன் வீட்டிலும் முழங்கால் தண்ணீர் நிற்க, தையல் மிஷினைக் கட்டில்மேல் தூக்கி வைத்துவிட்டு இங்கே வந்து சமைக்கிறார். கூட்டாளி விஷயத்தைச் சொன்னான். அதற்குள் அவன் குரலில் இருந்த வேகம் குறைந்திருந்தது, அவனும் சாப்பிட்டிருந்தான்.

அந்த அம்மா என்னையும் போனையும் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். "பக்கத்து ஊருல எடுத்ததுன்னு யாரோ அனுப்புனாங்கண்ணா. நெசமா நம்பித்தான் போட்டோம்."

"உங்க ஊரு ஆளு இத்தினி பேரு இருக்காங்களே, அவங்கள எடுத்துப் போட வேண்டியதுதான?" என்றான் கூட்டாளி.

"எவரும் நிக்க மாட்டேங்குறாங்க. போனத் தூக்குனா மூஞ்சத் திருப்பிக்குறாங்க. நாளைக்கி பொண்ணு குடுக்க, எடுக்கப் போற எடத்துல இத காட்டுவாங்கன்னு பயம். வெறும் எழுத்தா போட்டேன், ஒருத்தரும் அனுப்பல. இந்தப் படம் போட்ட அன்னிக்கிதான் அரிசி வாங்குனோம்."

பக்கத்தில் இருந்த பெரிய சட்டைக்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. அவரோ சிரித்துவிட்டார். "அப்ப எங்களுக்குப் பதிலா நீங்க உக்காந்திருக்கீங்க சேத்துல," என்றார்.

"உங்க மூஞ்சி, நீங்க சொல்லுங்கண்ணா. எடுக்கச் சொன்னா இப்பவே எடுத்துடுறேன்," என்றார் அந்த அம்மா.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். படத்தை விட்டால் பொய் தொடரும். எடுத்தால் சோறு நிற்கும். கூட்டாளி என் காதில், "நம்ம ஊருல பாதிப் பேருக்கு இந்தப் படம் தெரியும் மச்சான். நாளைக்கி எவனாவது கண்டுபுடிச்சுப் போட்டா இவங்க பேருதான் நாறும்," என்றான். அதுவும் சரியாகத்தான் பட்டது.

கடைசியில், படம் இருக்கட்டும், ஆனால் உண்மையை நானே சொல்லிவிடுகிறேன் என்றேன். போனைக் கையில் கொடுத்தார்கள். இரண்டு தடவை பேச வராமல் விட்டேன். மூன்றாவது தடவை, "படத்துல இருக்கறது நான்தாங்க. நான் வெள்ளத்துல மாட்டல, விருத்தாசலத்துல மண்ணு வேல செய்றவன். வேலையில மேல மண்ணு கொட்டிடுச்சு. இங்க இருக்கறவங்க மூஞ்சி காட்டக் கூச்சப்படுறாங்க. நான் நேர்ல வந்து பாத்துட்டேன், இங்கதான் சாப்ட்டேன். உதவி பண்ணுங்க," என்று பேசினேன். அதைப் படம் போயிருந்த குரூப்புகளுக்கெல்லாம் அந்த அம்மா அனுப்பினார்.

நல்ல காரியம் செய்துவிட்ட நிம்மதியோடுதான் வீடு திரும்பினேன். ஆனால் அதற்குள் என் பேச்சு எனக்கு முன்னால் ஊருக்கு வந்திருந்தது. திருட்டுக் கும்பல் என்று சிலர் எழுதியிருந்தார்கள். கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்டவர்களும் உண்டு. வேலைக்குப் போகாமல் உட்கார்ந்து சாப்பிடும் கூட்டம் என்று ஒருவர் எழுதியிருந்தார். என் பேச்சை முழுதாகக் கேட்டவர்கள் எத்தனை பேரோ தெரியாது.

மறுநாள் சாயங்காலம் அந்த அம்மாவுக்குப் போன் போட்டேன். நேற்றிலிருந்து பணம் வருவது அப்படியே நின்றுவிட்டது என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். "இன்னிக்கி மட்டும் எல்லாருக்கும் கஞ்சிண்ணா. நாளைக்கிப் பாத்துக்கலாம்."

விடிந்ததும் பட்டறையில் எல்லோரும் போட்டு ஒரு மூட்டை அரிசி வாங்கினோம், நானும் கூட்டாளியும் கொண்டுபோய் இறக்கினோம். மகளிர் குழுவில் மனைவியே என்ன நடந்தது என்று எடுத்துப் பேசியதில், அங்கிருந்து மறுபடி கொஞ்சம் பணம் போனது. நாலைந்து நாளில் தண்ணீர் வடிந்து அவரவர் வீட்டுக்குப் போனார்கள். யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த மண்டபத்தில் இருந்த பிள்ளைகள் ஒரு வேளை கஞ்சி குடித்துப் படுத்தது என் வாயிலிருந்து வந்த உண்மையால்தான்.

நான் செய்தது சரியா தப்பா என்று பல பேரிடம் கேட்டுவிட்டேன். ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள், எனக்கு இன்னும் பிடிபடவில்லை. இப்போதும் மழைக்காலத்தில் இப்படி ஏதாவது படம் போனில் வந்தால், அதில் இருப்பவர் நிஜமா பொய்யா என்று ஆராய எனக்குத் தோன்றுவதில்லை. தலையை வழித்துச் சீவிக்கொண்டு, யாரோ கொடுத்த சட்டையைச் சுருக்கம் இல்லாமல் போட்டுக்கொண்டு, படத்தில் விழாமல் தள்ளி நிற்கும் ஒருவர்தான் நினைவுக்கு வருகிறார். அவரை நினைத்து, முடிந்ததை அனுப்பிவிடுகிறேன்.