ஏழு நிறம் காட்டிய வெள்ளை விளக்கு

கலங்கரை விளக்க உத்தியோகம் என்றால் கடலை வேடிக்கை பார்ப்பது என்று நினைப்பார்கள். இல்லை, துடைப்பது. கண்ணாடி துடைத்துத் தோள்பட்டை கழன்றவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

அதிகாரி எழுதிய சொல்

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். பாம்பன் கரையில் வேலை. பகலில் விளக்கைச் சுற்றித் திரை போட்டுவிடுவோம். வெயில் புகுந்தால் கண்ணாடி அதைக் குவித்துத் தீ வைத்துவிடும். சோதனைக்கு வந்த அதிகாரி திரையைக் கொஞ்சம் விலக்கச் சொன்னார். விலக்கினேன். சிவப்பு, பச்சை, ஊதா! சுவர், தரை, என் முகம் எல்லாவற்றிலும் பாய்ந்தது. தினம் துடைக்கிற எனக்கே புல்லரித்தது.

பதிவேட்டில் 'பிரிஸ்மாட்டிக்' என்று எழுதினார். அர்த்தம் கேட்டேன்.

"இந்தப் பட்டைக் கண்ணாடிக்குப் பேரு பிரிஸம். அது பிரிச்சுக் காட்டுற கலருக்கும், அப்படி ஜொலிக்கிற எதுக்கும் இதைப் போடலாம். இப்ப உம்ம மீசைக்கும் போடலாம்."

ஜவுளிக்கடையில்

சொல்லை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. ஜவுளிக்கடை மரைக்காயரிடம் சொல்லிவிட்டேன். மறுவாரமே அவர் கடை மயில்கழுத்துச் சேலைக்கு அதுதான் பெயர். சாயம் போகுமா என்று ஒருத்தி கேட்டாள்.

"சாயம் போகும் தாயி, பிரிஸ்மாட்டிக் போகாது."

சவரிமுத்துவின் புகார்

மீன் பிடிக்கிற சவரிமுத்து ஒரு காலையில் மூச்சு வாங்கப் படியேறி வந்தான்.

"அண்ணே, கொஞ்ச நாளா உங்க லைட்டைச் சுத்தி வானவில்லு கட்டுது. மரைக்காயர் கடைச் சேலை கணக்கா இருக்கு. நேத்து வத்தையைப் பாறையில ஏத்தப் பாத்தேன்."

அந்தப் படகில் அவன் தம்பிகளும் இருந்திருக்கிறார்கள். ஒவ்வொரு பட்டையாக மூன்று நாள் துடைத்தேன். மற்ற வலைக்காரர்களைக் கேட்டேன். வெள்ளையாகத்தான் எரிகிறது என்றார்கள். இவனுக்கு மட்டும் வானவில் போகவில்லை. அப்போதுதான் பொறி தட்டியது.

"ஏலே, உன் வீட்டு அரிக்கேன் எப்படித் தெரியுது?"

"அதைச் சுத்தியும் வளையந்தேன். தலையும் இடிக்குது. எல்லாம் உங்க லைட்டைப் பாத்த வினை."

மதுரை போய் வந்தபின்

அவன் தம்பி ஒருவனைத் துணை சேர்த்து அன்றைக்கே மதுரைக் கண் ஆஸ்பத்திரிக்கு ரயில் ஏற்றினேன். கண்ணுக்குள் அழுத்தம் ஏறிவிட்டதாம். இன்னும் தாமதித்திருந்தால் இரண்டும் போயிருக்கும் என்றாராம் டாக்டர். ஆபரேஷன் நடந்தது. இடது கண் மங்கல்தான். வலது கண் தப்பியது.

அவன் திரும்பி வந்த அன்று பொழுது சாய, விளக்கை ஏற்றிவிட்டு இரண்டிரண்டு படியாக இறங்கி ஓடினேன். கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். எப்படித் தெரியுது என்றேன். அவன் அவசரப்படவில்லை.

"வெறும் வெள்ளை. முன்ன இருந்த அழகு இல்லண்ணே."

இத்தனை வருஷ உத்தியோகத்தில் எனக்குக் கிடைத்த ஒரே நற்சான்றிதழ், என் விளக்கு அழகாக இல்லை என்பதுதான்.