அத்தானின் படத்துக்குரிய சுவர்

அத்தானைப் பற்றி அமைதியாக எழுதும்படி அக்கா கேட்டிருக்கிறார். முயல்கிறேன். இடையில் கோபம் வந்துவிட்டால் உறவுகளும் நண்பர்களும் பொறுத்தருள்க.

அத்தான் பசிபிக் கடலின் டொங்காத் தீவு நாட்டில் ஒரு மீனவக் குடும்பத்தில் பிறந்தவர். அணிக்குப் பதினைந்து பேர் ஆடும் ரக்பியில் தன் நாட்டுக்கு ஆடிவிட்டு, எண்பதுகளின் நடுவில் லண்டன் கழகமொன்றில் சேர்ந்தார். வெம்பிளியில் எங்கள் பங்குக் கோவில் பாடகர் குழுவில்தான் அக்காவைக் கண்டார். பெண் கேட்டு வந்த அன்று எங்கள் அப்பா வழக்கம்போல, "எந்த ஊர், ஆரின்ரை மகன்?" என்றார். அக்கா அதை ஆங்கிலத்தில் சொல்ல, அத்தான் ஊர்ப்பெயரில் தொடங்கிப் பூட்டன் பெயர்வரை மளமளவென்று ஒப்புவித்தார். அப்பாவுக்கு ஒரு பெயரும் பிடிபடவில்லை. ஆனாலும், "நல்ல குடும்பம் போலகிடக்கு" என்று சம்மதித்துவிட்டார்.

கழகத்தின் சுவரில், நாட்டுக்காக ஆடியவர்களின் வரிசையில் அத்தானின் படமும் தொங்கியது. ஆனால் அந்த ரக்பியில் சம்பளம் கிடையாது. பகலில் கிடங்கில் லொறிக்குச் சாமான் ஏற்றிவிட்டு மாலையில் பயிற்சிக்குப் போவார். இரண்டாவது பிள்ளை பிறந்ததும், சம்பளம் தருகிற பதின்மூன்று பேர் ரக்பிக்கு மாறினார். அப்படி மாறியவரைப் பழைய பக்கம் திரும்பிச் சேர்ப்பதில்லை என்பது அந்நாளைய சட்டம். தன் விளையாட்டுச் சப்பாத்தை எடுத்துவரப் போன அத்தானைக் கழகத்தார் வாசலிலேயே மறித்தார்கள். அங்கிருந்து எட்டிப் பார்த்தபோது, உள்ளே சுவரில் அவர் படம் இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது.

"வெள்ளைக்காரன் விளையாட்டுக்குள்ளையும் சாதி வைச்சிருக்கிறானோ?" என்று அப்பா கேட்டார்.

புதிய ரக்பியிலும் டொங்கா அவரை அழைத்தது. இரண்டு வகையிலும் தாய்நாட்டின் சிவப்புச் சட்டை அணிந்தவர் எங்கள் அத்தான். தொண்ணூறுகளின் நடுவில் பழைய பக்கத்திலும் சம்பளம் வந்தது, தடையும் போனது. அதற்குள் அவருடைய முழங்கால் போய்விட்டது. ஆட முடியாததற்கு அவர் அழவில்லை. "என்ரை படத்தைத் திருப்பி மாட்டுவினமோ, தம்பி?" என்று மட்டும், அக்காவிடம் பழகிய தமிழில், என்னிடம் கேட்பார். நான் போய்க் கேட்டேன். கமிட்டி கூடட்டும் என்றார்கள். மறுபடி போனேன். தலைவர் மாறியிருந்தார், பதில் மாறவில்லை. ஒரு படத்தை மாட்ட எத்தனை பேர் கூட வேண்டும்?

சென்ற மாதம் மாரடைப்பு அவரைக் கொண்டுபோய்விட்டது. அக்கா வெள்ளைச் சேலைக்கு மேல், டொங்காவின் துக்க முறைப்படி, இடுப்பில் பாய் சுற்றி நின்றார். அப்போது கழகத்தார் இருவர் மண்ணிறத் தாளில் சுற்றிய அந்தப் படத்தை வீட்டுக்கு எடுத்து வந்தார்கள்.

அக்கா அதைத் தொடவில்லை. "தம்பி, உந்தப் படத்தை வாங்கி உள்ளுக்கை வையாதை. வீட்டிலை அவரின்ரை படம் கனக்கக் கிடக்கு. அந்த ஆணியிலை கொண்டுபோய்க் கொழுவச் சொல்லு" என்றார். நான் ஆங்கிலத்தில் சொன்னேன். தேநீர் குடித்துவிட்டுப் படத்துடன் திரும்பிப் போனார்கள்.

திருப்பலி ஒப்புக்கொடுத்த சுவாமிக்கும், பாடகர் குழுவுக்கும், சமையலைத் தம் பொறுப்பில் எடுத்த எட்மண்டன் உறவினருக்கும், கடல் கடந்து வந்து இரவிரவாகப் பாடிய டொங்கா உறவுகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கழகத்தாருக்கும் நன்றி சொல்லவே விரும்புகிறோம். இந்த நினைவு மலர் அச்சுக்குப் போகும்வரை படம் ஏறிய செய்தி வரவில்லை.