தண்ணீர்க் குட ஓட்டம்

நீர் ஊற்றிக் குழைத்த சுண்ணாம்பின் வாடையும், புதிதாக வெட்டிய லாலான் புல்லின் பச்சை வாடையும் கலந்து கடற்காற்றில் ஏறி வந்து, வகுப்பறையில் உட்கார்ந்திருக்கும் எங்கள் மூக்கைத் துளைத்துக்கொண்டே இருந்த மாதம் அது. ஜொகூர் பாருவில் பல நாட்டு விளையாட்டு விழா நடக்கப்போகிறதென்று ஊரே வெள்ளையடித்துக்கொண்டிருந்தது. சிங்கப்பூருக்குப் பாலம் போட்டுச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. சயாமிலிருந்தும் ஜாவாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் ஓட்டக்காரர்களும் குத்துச்சண்டைக்காரர்களும் பந்தாட்டக்காரர்களும் கப்பலிலும் ரயிலிலும் வருகிறார்கள் என்று சொல்லி, 'சடக்கு' என்று நாங்கள் சொல்லும் சாலையின் ஓரத்துக் கற்களுக்கெல்லாம் சுண்ணாம்பு பூசினார்கள். திடலைச் சுற்றி மூங்கில் கட்டிப் பலகை இருக்கைகள் எழுந்தன.

எனக்குப் பதினொரு வயது. தெப்ராவ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள் நான். அப்பா காய்ச்சலில் இறந்தபின் அம்மா என்னை டவுனிலிருந்த அத்தை வீட்டில் விட்டுவிட்டு, தான் மட்டும் தோட்டத்துக் கூலிகளின் வரிசை வீடான 'லயத்தில்' தங்கிப் பால்மரம் சீவி ரப்பர்ப் பால் எடுத்தாள். அத்தையின் கணவர் 'கிராணி', ஆபீஸ் உத்தியோகம். அவர் முயற்சியால் எனக்கு ஆங்கிலப் பள்ளியில் இடம் கிடைத்தது. அங்கே ஆஸ்பத்திரி டிரெஸ்ஸரின் மகள் பிலோமினா, என் அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டபோது, கிராணி என்று சொல்லிவிட்டேன். மாமாவை அப்பாவாக்கிய பிறகு, அத்தையை அம்மாவாக்குவது சிரமமாக இல்லை.

விருந்தினர்களை வரவேற்றுப் பாட எங்கள் பள்ளியைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்க்க வந்த அம்மாவுக்கு அத்தை அதைச் சொன்னதும், அவள் முகம் மலர்ந்துபோயிற்று.

"எங்கிட்டு நின்னு பாடுவ பாப்பா?"

"நீ வராதம்மா. தோட்டத்து ஆளுங்கள உள்ள விடமாட்டாங்க" என்றேன். விடுவார்களா மாட்டார்களா என்பது எனக்குத் தெரியாது. யாரிடமும் கேட்கவுமில்லை.

அம்மா தலையை ஆட்டிக்கொண்டாள்.

விழாவின் கடைசி நாள் பிற்பகல், பாடி முடித்து, வெள்ளைக் கவுன் போட்ட நாங்கள் எல்லாரும் ஓடுபாதையை ஒட்டிய முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தோம். தடை தாண்டும் ஓட்டம் முடிந்து, நெடுந்தூர ஓட்டம் தொடங்குவதற்கு இடையில், விருந்தினர்களின் வேடிக்கைக்காக என்று சொல்லித் தோட்டத்துப் பெண்களின் தண்ணீர்க் குட ஓட்டத்தை அறிவித்தார்கள். தலையில் நிறைகுடம் இருக்க வேண்டும்; கையால் தொடக்கூடாது. சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து லாரியில் ஏற்றிவந்த பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசையாக வந்து நின்றார்கள். நான்காவதாக நின்றவள் என் அம்மா.

விசில் ஊதியதும் திடல் முழுக்கச் சிரிப்பு. ஒருத்தி நாலடி வைக்குமுன் குடத்தைப் போட்டாள். இன்னொருத்தி சேலை தடுக்கி உட்கார்ந்தே விட்டாள். ஆனால் தினமும் இரண்டு வாளிப் பாலைத் தோளில் சுமக்கும் காண்டாக் கட்டையின் இரு முனையிலும் தொங்கவிட்டு, மேடும் பள்ளமுமான பாதையில் ஒரு சொட்டுச் சிந்தாமல் ஸ்டோருக்குக் கொண்டுபோகிறவள் என் அம்மா. கழுத்து அசையாமல், இடுப்பிலிருந்து கீழே மட்டும் ஓடுகிறவளைப் போல அவள் முன்னால் வந்துகொண்டிருந்தாள். அவள் அப்படி ஓடுவாள் என்பது அதுவரை எனக்கே தெரியாது. வெள்ளைக்காரச் சீமாட்டிகள்கூடச் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கை தட்டினார்கள்.

"யாருடி அது, முன்னால வர்ற பொம்பள? என்னமா ஓடுது!" என்று பிலோமினா என் தோளை உலுக்கினாள்.

"யாருக்குத் தெரியும்? ஏதோ எஸ்டேட் பொம்பள" என்றேன்.

எல்லைக் கயிற்றுக்குப் பத்தடி இருக்கும்போது அம்மா என்னைப் பார்த்துவிட்டாள். பார்ப்பதற்காகத் தலையைக் கொஞ்சம் திருப்பினாள், அவ்வளவுதான். மண்குடம் சரிந்து, பாதையில் விழுந்து நொறுங்கியது. தலையிலிருந்து கால்வரை நனைந்து நின்றவளைப் பார்த்து, அடங்கியிருந்த சிரிப்பெல்லாம் சேர்ந்து வெடித்தது. என்னைச் சுற்றியிருந்த பிள்ளைகள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வாயை மூடிக்கொண்டு சிரிக்கவில்லை. எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, அம்மாவின் முகத்தைப் பார்த்தபடியே சிரித்தேன்.

மற்ற பெண்கள் அவளைத் தாண்டிப் போய்விட்டார்கள். அம்மா மட்டும் பாதையிலேயே குந்தி, உடைந்த குடத்தின் ஓடுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி முந்தானையில் போட ஆரம்பித்தாள். அடுத்த ஓட்டத்துக்கு வெறுங்காலோடு காத்து நிற்கிறவர்களை அவள் பார்த்திருக்க வேண்டும். "போ, போ" என்று ஒருவர் விரட்டினார், அவள் எழுந்திருக்கவில்லை. அப்போது அந்த ஓட்டக்காரர்களில் ஒருவன், சயாம்காரனோ ஜாவாக்காரனோ, நெஞ்சில் எண் குத்திய ஒல்லியான இளைஞன், கோட்டைத் தாண்டி வந்து அவளுக்கு எதிரே மண்டியிட்டுக் கூடவே பொறுக்கினான்.

"போதும் தம்பி, கைய கிழிச்சிக்காத" என்று அம்மா தமிழிலேயே சொன்னது என் காதில் விழுந்தது. கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நான் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் மாமா ஆங்கிலப் பேப்பரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். "இங்க பாரு, நம்ம தங்கச்சி படம் வந்திருக்கு!" குடம் விழுவதற்கு முந்திய கணம். அம்மா எல்லாருக்கும் முன்னால், நிமிர்ந்த தலையோடு. முகம் துல்லியமாக விழுந்திருந்தது. அத்தை அதைக் கத்தரித்து, அம்மாவிடம் கொடுக்கச் சொல்லி என் புத்தகத்துக்குள் வைத்தாள். புத்தகம் பள்ளிக்குப் போகும், பிலோமினா பார்ப்பாள், எனக்கும் அந்த முகத்துக்கும் உள்ள சாயலைக் கண்டுபிடிப்பாள் என்று பயந்தேன். அத்தை கொல்லைப்பக்கம் போன நேரத்தில் அதை அடுப்பில் போட்டேன்.

விடுமுறைக்குத் தோட்டத்துக்குப் போனபோது அம்மா முதலில் கேட்டது அதைத்தான்.

"எம் படம் வந்துச்சாமே, அண்ணன் சொன்னாங்க. கொண்டாந்தியா?"

"தொலஞ்சு போச்சும்மா."

"போவட்டும் விடு" என்று சோற்றைப் போட்டு வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "நீ பாடுறதக் கேக்கலாமேன்னுதான் லாரில ஏறுனேன். தலைய திருப்பியிருக்கக் கூடாது, எந் தப்புதான். நல்லவேள, நீ சிரிச்ச. அழுதிருந்தீன்னா நான் யாருன்னு அந்தப் புள்ளைங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்ல."

அதில் குத்தல் எதுவும் இல்லை. மகள் சமயோசிதமாக நடந்துகொண்டாள் என்று உண்மையிலேயே நம்பினாள். அதற்கப்புறம் டவுனுக்கு வந்தால் அத்தை வீட்டின் பின்வாசல் வழியாகத்தான் வருவாள். நான் அவளை முன்வாசலுக்குக் கூப்பிட்டதில்லை. ஜப்பான்காரன் ஊரைப் பிடித்து வைத்திருந்த காலத்தில், மருந்தில்லாமல், அதே லயத்தில் இறந்துபோனாள்.

இன்று அந்தத் தோட்டம் வீடமைப்புப் பகுதியாகிவிட்டது; லயம் இருந்த மேட்டை வெட்டிச் சமப்படுத்திவிட்டார்கள். அத்தை, மாமா, பிலோமினா யாருமில்லை. போன மாதம் என் பேத்தி, பள்ளியில் குடும்பத்தைப் பற்றி எழுதச் சொன்னார்களென்று, என் அம்மாவின் படம் ஒன்று கேட்டாள். "அந்தக் காலத்துல தோட்டத்து ஆளுங்கள யாரும்மா படம் புடிச்சாங்க?" என்றேன். அவளும் நம்பி, தாளில் படம் ஒட்டுவதற்கான கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு, கீழே பெயரை மட்டும் எழுதிக்கொண்டு போனாள்.